நாலு நிமிடம் நாற்பது வினாடி

மணி இரண்டு இருபது. மூன்று மணிக்குள் படிவத்தை அனுப்பியாக வேண்டும். படிவத்தில் இன்னும் ஒரே ஒரு கட்டம்தான் பாக்கி, அந்தக் கட்டத்தில் போட வேண்டியதும் ஒரே ஒரு எண்தான், அதுவும் ஒன்றுமே இல்லை என்று சொல்கிற எண். இதற்குப் போய் ஒரு மனுஷன் காலையிலிருந்து மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்வானா என்றால், குணசீலன் உடைத்துக்கொள்வான். அவன் சுபாவம் அது. எதிரே சுவர் முழுக்கப் பதினேழு திரை, திரைக்கு ஒரு டிவி சேனல், பதினேழிலும் யாராவது பேசிக்கொண்டோ சமைத்துக்கொண்டோ அழுதுகொண்டோ இருந்தார்கள். மூன்றாவதில் தாய்லாந்துக்காரி ஒருத்தி இறாலை எண்ணெயில் போட்டாள். ஐந்தாவதில் ஆஸ்திரேலியாவில் ஒரு வீட்டுக் கூரையைப் பிரித்தார்கள், போன வருஷமும் இதே கூரையைத்தான் பிரித்தார்கள். ஏழாவது தமிழ், அதில் மத்தியான சீரியல். மும்பையிலிருந்து ஆக்லாந்து வரைக்கும் உள்ள இடத்துக்கெல்லாம் சேர்த்துச் சேனல்களை நடத்துகிற குழுமம் வைத்திருக்கிற பெயர் ஆசிய பசிபிக். அப்படி ஒரு ஊரில் பிறந்தவனையோ செத்தவனையோ குணசீலன் இருபத்தாறு வருஷத்தில் பார்த்ததில்லை, ஆனால் அந்த ஊருக்கு ஒரு தலைவர் உண்டு, துணைத் தலைவர் நாலு பேர் உண்டு, அந்த ஊருக்குப் போய்ச் சேருகிற படமெல்லாம் சிங்கப்பூரில் ஜன்னலே இல்லாத இந்த அறை வழியாகத்தான் போகிறது. முன்னே ஒரு ஷிப்டுக்கு ஒன்பது பேர். இப்போது மூன்று பேர். அதில் ஒருத்தன் இன்றைக்கு வயிற்றுவலி என்று டாக்டர் சீட்டு வாங்கி எம்சி லீவு, இன்னொருத்தன் சாப்பிடப் போனவன் போனவன்தான். கண் எரிந்தது. கண்ணைக் கசக்கினால் இன்னும் எரியும் என்று தெரிந்தும் கசக்கினான்.

அறையில் ஒரு கருவி இருக்கிறது. எந்தத் திரையிலாவது பத்து வினாடிக்கு மேல் சத்தம் நின்றுபோனால் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு கத்தும். பதினைந்தாவது வினாடியில் ஓடுகிற படத்தைத் தானாகவே வெட்டிவிட்டு, கைவசம் வைத்திருக்கிற ஓர் அருவியைப் போட்டுவிடும், கூடவே ஒரு புல்லாங்குழல். நல்ல கருவிதான், தூங்காது, எம்சி எடுக்காது. துக்கம் மட்டும் அதற்குத் தெரியாது. தமிழ் சீரியலில் ஒரு சாவு விழுந்தால் கேட்கவா வேண்டும், வீட்டில் அத்தனை பேரும் வாயடைத்துப் போய் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்ப்பார்கள், மூன்று சுற்றுப் பார்ப்பார்கள், அதற்குள் பதினைந்து வினாடி ஓடிவிடும், பிணத்தின் மேலே அருவி கொட்டும். ஒரு தடவை அப்படிக் கொட்டித்தான் சென்னையிலிருந்து வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். அதிலிருந்து ஏழாம் திரையைப் பார்க்கிறவர்களுக்குள் ஒரு வழக்கம். காலையில் வருகிறவன் அன்றைய பாகத்தை வேகமாக ஓட்டிப் பார்த்து, மௌனம் வருகிற நேரத்தை மஞ்சள் சீட்டில் எழுதி மேஜையில் ஒட்டிவிடுவான். அந்த நேரத்துக்கு ஒரு பட்டனை அழுத்திக் கருவியை அடக்க வேண்டும், துக்கம் முடிந்ததும் மறுபடி அழுத்தி விட்டுவிட வேண்டும். எந்தக் கையேட்டிலும் இது கிடையாது. காது பொத்துகிறது என்று அவர்களுக்குள் பெயர், பிலிப்பினோக்காரன்கூட அதைத் தமிழில்தான் சொல்வான். நேற்றைய சீட்டில், 2:12, ஆஸ்பத்திரி வராந்தா, இருபது வினாடி என்று இருந்தது. குணசீலன் 2:12க்குக் காதைப் பொத்தினான். உள்ளே மாமனாருக்கு ஆபரேஷன், வெளியே மகனும் மருமகள்களும் பேச்சு மூச்சில்லாமல் நின்றார்கள், டாக்டர் கதவைத் திறந்துகொண்டு வந்தார், வாயைத் திறந்தார், படம் இருட்டானது. சீட்டு எழுதின பிறகு சென்னையிலிருந்து மாற்றி அனுப்பிய அடுத்த படத்துண்டு வெறும் துண்டாக வந்திருக்கிறது, படமும் இல்லை, சத்தமும் இல்லை. கருவிக்குக் காது இருந்திருந்தால் கத்தியிருக்கும். பொத்தின கையை அவன் எடுக்கவில்லை. நாலு நிமிடம் நாற்பது வினாடி.

தூங்கிவிட்டாயா என்று மேலதிகாரி ஆட்ரி கேட்டாள், ஆமாம் என்று சொல்லியிருந்தால் விஷயம் லேசாகப் போயிருக்கும், தூங்குகிறவனை உலகம் மன்னிக்கும். அவன் தூங்கவில்லை. கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு அந்த இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அதை எப்படிச் சொல்வது, யாரிடம் சொல்வது. முதலில் டைரக்டர் ஏதோ புதுசாகச் செய்திருக்கிறான் என்று நினைத்தான், அது ஒரு பத்து வினாடி. அப்புறம் நினைக்கவே இல்லை. பதினாறு திரை கத்திக்கொண்டிருக்க நடுவில் ஒரே ஒரு சதுரம் சும்மா இருந்தது, கண் போய் அங்கே உட்கார்ந்துகொண்டது. எத்தனை வருஷமாயிற்று கண் இப்படி உட்கார்ந்து. வீட்டுக்குப் போனால் வீட்டிலும் திரை, ரயிலில் எதிரே இருக்கிறவன் கையில் திரை, லிப்டுக்குள்ளே பல் வைத்தியம் சொல்லுகிற திரை. இங்கே ஒன்றுமில்லை, யாரும் யாரையும் அறையவில்லை, யாரும் எண்ணெயில் போடவில்லை. தோள் இரண்டும் தானாக இறங்கியது அவனுக்குத் தெரிந்தது. மூச்சு அடிவயிறு வரைக்கும் போய் வந்தது. சந்தோஷம் என்றே சொல்லலாம், சொல்ல வெட்கமாக இருந்தாலும் அதுதான் அதன் பெயர். அப்போது பின்னால் வந்த ஆட்ரி, "குணா, ஏழு," என்றாள், சத்தம் போடாமல், பாத்ரூமில் குழாய் திறந்திருக்கிறது என்பது மாதிரி. அவன் கை தானாகப் போய் அடுத்த துண்டைத் தட்டிவிட்டது. அதற்குள் டாக்டர் சொல்லி முடித்திருந்தார், மகன் சுவரில் முட்டிக்கொண்டிருந்தான். டாக்டர் என்ன சொன்னார் என்று குணசீலனுக்கும் தெரியாது. படிவத்தில் காரணம் என்ற கட்டத்தில் ஐந்து காரணம் போட்டு ஒன்றைத் தேர்ந்தெடு என்கிறார்கள், கருவிக் கோளாறு, மின்தடை, வந்த படத்தில் குறை, ஊழியர் இடத்தில் இல்லை, இதர. பார்த்துக்கொண்டிருந்தேன் என்று ஒன்று கிடையாது. அவன் வந்த படத்தில் குறை என்று போட்டிருந்தான். முக்கால்வாசி உண்மைதான் அது.

பாக்கி இருப்பது நாலாவது கட்டம், வந்த புகார் எத்தனை. எந்த வழியாக வந்தாலும் எந்த ஊழியரிடம் சொன்னாலும் புகார் புகாரே என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. ஒன்றும் வரவில்லை. பதினோரு நாட்டில் ஓடுகிற சேனல், நாலு நிமிடம் நாற்பது வினாடி செத்துக் கிடந்திருக்கிறது, ஒரு குஞ்சு குருமான் போன் பண்ணவில்லை, ஒரு ஈமெயில் இல்லை, முகநூலில் ஒரு முகம்கூடச் சுளிக்கவில்லை. "ஜீரோ. ரொம்ப நல்லது குணா," என்றாள் ஆட்ரி காலையில், அவன் மேஜையில் ஒரு கோப்பி வைத்துவிட்டு. நல்லவள், அவனுக்கு நல்லதுதான் நினைக்கிறாள். "ஜீரோ போடு, உன் பேர் கேட்கிற கட்டம் தானாகவே அடைஞ்சிடும். ஒண்ணு போட்டாலும் போச்சு, சிவப்பா நட்சத்திரம் போட்டுப் பேர் கேட்கும், அப்புறம் விசாரணை. இந்த மாசம் விசாரணை உனக்கு வேண்டாம்." வேண்டாம்தான். இந்த மாசம் யார் பேர் எந்தக் காகிதத்தில் ஏறினாலும் அந்தப் பேர் வீட்டுக்குப் போகும், சொல்லாமலே எல்லாருக்கும் தெரியும். வியாழக்கிழமை மேல்மாடியில் கூட்டம். பதினேழு சேனலில் ஆறு மட்டும் சேனலாக இருக்கும், மற்றதெல்லாம் செயலிக்குள்ளே போய்விடும், வேண்டியவர்கள் போனில் தட்டிப் பார்த்துக்கொள்ளலாம். எதை வைப்பது எதை எடுப்பது என்று ஒரு பெரிய அட்டவணை தயாராகிறது. போன மாசம் தாய்லாந்து சேனல் நாற்பது வினாடி நின்றதற்கு இருநூற்றுப் பன்னிரண்டு பேர் போன் பண்ணிக் கிழித்துவிட்டார்கள், அதைத் தலைவர் எல்லாருக்கும் படித்துக் காட்டி, இதுதான் அன்பு, இந்த மாதிரி நேயர்கள் நமக்கு வேண்டும் என்று கை தட்டினார். ஏச்சு வாங்கினவனுக்குக் கேக் வெட்டினார்கள். அப்படியானால் ஏழாவதுக்கு எதிரே இந்த ஜீரோ போய் உட்கார்ந்தால் என்ன அர்த்தம். செத்ததைச் சொல்ல ஒரு ஆள் இல்லை என்று அர்த்தம். குணசீலன் அந்தக் கட்டத்தில் ஜீரோவைத் தட்டினான், பெயர்க் கட்டம் சாம்பல் நிறமாகி அடைந்தது. அழித்தான், திறந்தது. மறுபடி தட்டினான். அவன் பிழைத்தால் சேனல் போகும், சேனல் பிழைத்தால் அவன் போவான். என்ன கூத்துடா இது என்று இருந்தது.

இரண்டு முப்பத்தைந்து. கோயில் அன்னதானக் குழு வாட்ஸ்அப்பில் நூற்று நாற்பது பேர் இருக்கிறார்கள், ஒரு வரி போட்டால் போதும், அண்ணே சொல்லிவிட்டார் என்று பத்து நிமிடத்தில் அறுபது பேர் போனைப் போட்டுக் கத்துவார்கள், அதில் ஐம்பத்தைந்து பேர் வீட்டில் இந்தச் சேனலே வராது. விரல் போனை எடுத்தது, வைத்தது. பொய் என்று தெரிந்தே ஒரு கூட்டத்தைக் கத்தவிட்டு, அதை எண்ணி எழுதி, அந்த எண்ணிக்கையால் ஒரு சேனலைக் காப்பாற்றி, சீ. அதுவும் யாருக்காக. அவனே வீட்டில் தமிழ் சேனல் பார்க்கிறதில்லை, அவன் பெண்டாட்டி கொரியாக்காரர்களோடு குடித்தனம் பண்ணுகிறாள், மகள் போனிலேயே பிறந்தவள். யார் பார்க்கிறார்கள் என்றால், பூங்காவனம் பார்க்கிறாள். அங்கே வந்துதான் நினைப்பு ஒவ்வொரு தடவையும் முட்டிக்கொண்டு நின்றது. பூங்காவனம் அவனுடைய அக்காள், பதினோரு வயசு மூத்தவள், மலேசியாவில் சுங்கை பட்டாணியில் இருக்கிறாள். போன வருஷம் வாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு இழுக்கும். காலையில் மருமகள் குளிப்பாட்டி, நாற்காலியில் உட்காரவைத்து, வலது கைப் பக்கம் போனையும் தண்ணீரையும் வைத்து, இந்தத் தமிழ் சேனலைப் போட்டுவிட்டுப் பாக்டரிக்குப் போய்விடுவாள், சாயந்திரம் ஐந்தரைக்கு வருவாள். அதுவரைக்கும் அந்த வீட்டில் பேசுகிற சத்தம் என்றால் இவன் இங்கேயிருந்து அனுப்புகிற சத்தம்தான். செயலியாம், தட்டிப் பார்த்துக்கொள்ளலாமாம். ரிமோட் கீழே விழுந்தால் எடுக்க முடியாமல் சாயந்திரம் வரை காத்திருக்கிறவள் எதைத் தட்டுவாள். சரி, அப்படிப்பட்டவளுமா நேற்று கவனிக்கவில்லை. தூங்கியிருப்பாளா. விழுந்துவிட்டிருப்பாளா என்ற எண்ணம் நேற்று ராத்திரியே வந்தது, வந்தும் அவன் கூப்பிடவில்லை. கூப்பிட்டு மூன்று வாரம் ஆகிறது. கூப்பிட்டால் எப்போது வருகிறாய் என்று கேட்பாள், அதற்குப் பயந்து கூப்பிடாமல், கூப்பிடாததற்கு வெட்கப்பட்டு இன்னும் கூப்பிடாமல், இப்படியே ஒரு பழக்கமாகிவிட்டது. இப்போது வேறு ஒரு பயம். மருமகள் சாயந்திரம் கூப்பிட்டிருப்பாளே, ஏதாவது ஆகியிருந்தால். கூப்பிட்டிருப்பாளா. அறைக்குள் சொந்தப் போனில் பேசக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. அவன் எண்ணைத் தட்டினான்.

ஏழு தடவை மணி அடித்து எட்டாவதில் எடுத்தாள். "யாரு?" "நாந்தாங்க்கா, குணா." "குணாவா. வேல நேரத்துல கூப்புடுற. யாருக்கு என்னாச்சு?" "ஒண்ணும் ஆவலக்கா, சும்மாதான்." "மூணு வாரமா வராத சும்மா இன்னிக்கு வந்துச்சாக்கும்," என்றாள், வார்த்தை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு. உயிரோடு இருக்கிறாள், குத்துகிறாள், அவனுக்கு உடம்பு லேசாயிற்று. போன் வழியாக அவள் வீட்டு டிவி கேட்டது, இங்கே ஏழாவதில் மூத்த மருமகள் சொன்ன வசனம் அங்கே ஐந்து வினாடி கழித்துச் சொல்லப்பட்டது, வானத்துக்குப் போய்த் திரும்பி வர அவ்வளவு நேரம் பிடிக்கிறது. "அக்கா, நேத்து ரெண்டேகாலுக்கு டிவி பாத்தியா?" "வேற எங்க போவப் போறேன்." "படம் நின்னுச்சா?" "நின்னுச்சு. இருட்டாப் போச்சு, சத்தமும் இல்ல. கரண்டு போச்சோன்னு மேல பாத்தேன், காத்தாடி சுத்துது. சரி, நீதான் அங்க உக்காந்திருப்ப, செத்த அசந்துட்ட போலன்னு நெனச்சிக்கிட்டேன்." அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். "ஏங்க்கா கூப்புட்டுச் சொல்லல? நெம்பர்தான் அடியில ஓடுதே." "சொன்னா ஒன்ன ஏசுவாங்கல்ல," என்றாள், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி. "எதுத்த வூட்டு மங்களேஸ்வரி போனப் போட்டு, சொல்லுவோமான்னா. எந்தம்பி பாத்துக்குவான், நீ சும்மா கெடன்னுட்டேன்." குணசீலன் நாலாவது கட்டத்தைப் பார்த்தான். அவன் தட்டிவிட்டிருந்த ஜீரோ அங்கேயே இருந்தது. அதற்குள்ளே இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தலைவருக்கோ அட்டவணைக்கோ எப்படித் தெரியும்.

"அக்கா, ஏசுக்கா," என்றான். "என்னாடா?" "நேத்து நின்னதுக்கு ஏசு. நான் எழுதிக்கணும். பொய்யா ஒண்ணும் சொல்ல வேணாம், மெய்யா ஒனக்கு ஒரு கொறையும் இல்லன்னா இல்லன்னு எழுதிக்கிறேன்." அங்கே டிவியில் யாரோ விசும்பினார்கள். "எழுதுனா ஒனக்கு ஒண்ணும் ஆவாதே?" "ஆவாது," என்று பொய் சொன்னான், இன்றைக்கு அவன் சொன்ன ஒரே பொய் அதுதான். "டாக்டர் என்னா சொன்னாருன்னு தெரியாமப் போச்சு," என்றாள், "ராத்திரி பூரா அதே நெனப்பு." அவன் எழுதினான். "அவ்ளதானா?" "அவ்ளதான்." கொஞ்சம் கழித்து, "இன்னொண்ணு இருக்கு, அத எழுதாத," என்றாள். "சொல்லுக்கா." "டிவி இருட்டாச்சா, அதுல என் மூஞ்சி தெரிஞ்சுச்சுடா. ஒரு பக்கம் கோணிக்கிட்டு, வாயி தொங்கிக்கிட்டு. மருமவ இந்த வூட்டுல இருந்த கண்ணாடியெல்லாம் எடுத்து உள்ள வச்சிட்டா, நான் பாக்கக் கூடாதுன்னு. ஒரு வருசமா பாக்கல. திரும்பவும் முடியல, ரிமோட்டு அங்கிட்டுக் கெடக்கு. நாலு நிமிசம் என்னையே பாக்க வச்சிட்டியேடா." அவள் குரல் ஏறவே இல்லை. இந்த மனுஷி அந்த நாலு நிமிடமும் அங்கே அப்படி இருந்தாள், அவன் அதே நாலு நிமிடம் இங்கே தோளை இறக்கிக்கொண்டு சுகமாக மூச்சு விட்டிருக்கிறான். ஒரே இருட்டைத்தான் இரண்டு பேரும் பார்த்திருக்கிறார்கள். குணசீலனுக்கு அழுகை வந்தது, இந்த அறையில் பதினேழு திரையிலும் இத்தனை வருஷம் அழுததைப் பார்த்தவன், தனக்கு வந்ததும் எப்படி அழுவதென்று தெரியாமல் மூக்கை மட்டும் உறிஞ்சினான். "மன்னிச்சுக்கக்கா," என்றான். "போடா கூறுகெட்டவனே, நீ வேணும்னா செஞ்ச," என்றாள்.

இரண்டு ஐம்பது. நாலாவது கட்டத்தில் ஜீரோவை அழித்து ஒன்று என்று போட்டான். பக்கத்துக் கட்டம் திறந்தது, சிவப்பு நட்சத்திரம் போட்டுப் பெயர் கேட்டது, குணசீலன் என்று தகப்பன் பெயரோடு முழுசாக அடித்தான். காரணம் என்ற இடத்துக்குத் திரும்பிப் போய் வந்த படத்தில் குறை என்பதை எடுத்துவிட்டு இதர என்று மாற்றி, ஊழியர் இடத்தில்தான் இருந்தார், பார்த்துக்கொண்டுதான் இருந்தார் என்று எழுதினான். புகார் விவரத்தில் டாக்டர் சொன்னது தெரியவில்லை என்பதோடு நிறுத்தினான். மற்றதை எழுதாதே என்று சொல்லியிருக்கிறாள். ஒரே ஒரு புகாரை வைத்து எந்தச் சேனலும் பிழைத்ததில்லை, அது அவனுக்குத் தெரியாததல்ல. இருநூற்றுப் பன்னிரண்டுக்கு எதிரே ஒன்று. ஆனாலும் ஒன்று என்றால் ஒன்றுதான், ஜீரோ இல்லை. ஆட்ரி தலையில் அடித்துக்கொள்வாள். அனுப்பு என்று இருந்ததை அழுத்தினான், அது எந்தச் சத்தமும் இல்லாமல் போயிற்று. மேஜையில் ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டில், 2:52, பிணம் வீட்டுக்கு வருகிறது, விளக்கு அணைகிறது, இருபது வினாடி என்று இருந்தது.

"அக்கா, வச்சிடாத," என்றான். "இப்ப ஒரு எடத்துல இருட்டாவும். சீரியல்லயே அப்படித்தான் எடுத்திருக்கான், நான் இல்ல. கண்ண மூடிக்க, நான் சொல்றப்பத் தொறக்கலாம்." "மாமனாரு போயிட்டானா அப்ப?" என்றாள். "போயிட்டாருக்கா." "பாவம், அவன் ஒருத்தந்தான் அந்த வூட்டுல மனுசன்," என்றாள். ஏழாவதில் ஆம்புலன்ஸ் கதவு திறந்தது, கூடத்து விளக்கை யாரோ அணைத்தார்கள். அவன் கருவியின் காதைப் பொத்தினான், பட்டனிலிருந்து விரலை எடுக்கவே இல்லை. ஒன்று, இரண்டு என்று வாய்விட்டே எண்ணினான். ஐந்தாவது வினாடியில் அவள் வீட்டிலும் சத்தம் நின்றது, காத்தாடி சுற்றுவது மட்டும் போனில் கேட்டது. பத்து. பதினொன்று. சதுரம் சும்மா கிடந்தது, நேற்று மாதிரியே கண்ணைக் கூப்பிட்டது, அவன் அதைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்தான். பதினெட்டு, பத்தொன்பது. இருபதில் ஏழாவதில் மூத்த மருமகள் மார்பில் அடித்துக்கொண்டு அலறினாள், அவன் கருவியின் காதைத் திறந்துவிட்டான், பச்சை விளக்கு வந்தது. "ஆச்சாடா?" என்றாள் அக்காள். "இங்க ஆச்சு, ஒனக்கு இன்னும் கொஞ்சம்," என்றான். அந்த ஐந்து வினாடியையும் அவன் வாய்விட்டே எண்ணினான். அப்புறம் போனுக்குள் அதே மருமகள் அலறுவது கேட்டது, அதற்கு மேலே பூங்காவனத்தின் குரல், "வந்துருச்சுடா."